பிக்கப் டிரக்: சிக்கல் இழுப்பதில் இல்லை, சுமப்பதில்

அமெரிக்க பிக்கப் டிரக் விளம்பரங்களில் ஓர் எண் மட்டும் எப்போதும் பெரிய எழுத்தில் இருக்கும்: எத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும் என்பது. ஃபோர்டு எஃப்-150 என்றால் 13,500. செவர்லே சில்வராடோ 1500 என்றால் 13,300. எலெக்ட்ரிக் வண்டிகளும் இந்தப் போட்டியில் இறங்கிவிட்டன. ரிவியன் ஆர்1டி, டெஸ்லா சைபர்டிரக் இரண்டுமே 11,000 என்கின்றன. வார இறுதிகளில் ஊர் சுற்ற ஒரு கேம்பிங் டிரெய்லர் (இழுத்துப் போகும் நடமாடும் வீடு) வாங்கலாம் என்று கிளம்பும் குடும்பம் இந்த எண்ணைப் பார்க்கிறது, டிரெய்லரின் எடையையும் பார்க்கிறது. ஏழாயிரத்துச் சொச்சம் பவுண்டு டிரெய்லர், பதினோராயிரம் பவுண்டு இழுக்கும் வண்டி. தாராளமாகப் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

விளம்பர எண் பொய்யல்ல. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அந்த எண் பொருந்துவதில்லை. வண்டி எதை இழுக்கும் என்பதைவிட எதைச் சுமக்கும், எதை நிறுத்தும் என்பதுதான் இன்றைக்கு முதலில் எல்லையைத் தொடுகிறது. இது எப்போதும் இப்படி இருந்ததில்லை.

ஒரு காலத்தில் தடையாக இருந்தது இன்ஜின்தான். 1980களில் பிக்கப்களில் வந்த டீசல் இன்ஜின்கள் பெரும்பாலும் டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாதவை. எரிபொருளை மிச்சம் பிடிக்கத்தான் அவற்றை வாங்கினார்கள். சுமையோடு மலை ஏறினால் அவை திணறின. 1989 மாடலில் டாட்ஜ் நிறுவனம் கம்மின்ஸின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ டீசலைத் தன் டிரக்கில் பொருத்தியது. குதிரைத்திறன் வெறும் 160, ஆனால் டார்க் எனும் முறுக்குவிசை 400 பவுண்டு-அடி. குதிரை டிரெய்லரும் மாட்டு டிரெய்லரும் இழுத்துக்கொண்டிருந்த பண்ணைக்காரர்கள் அதைத் தேடி வந்தார்கள். ஃபோர்டு 1994இல் பவர் ஸ்ட்ரோக் என்ற பெயரிலும், ஜெனரல் மோட்டார்ஸ் 2001 மாடலில் டுராமேக்ஸ் என்ற பெயரிலும் பதில் சொன்னார்கள். அன்றைக்குத் தொடங்கிய போட்டி இன்னும் நிற்கவில்லை. இப்போது ராம் 3500இல் (டாட்ஜ் டிரக்குகளின் இன்றைய பெயர்தான் ராம்) வரும் கம்மின்ஸ் 1,075 பவுண்டு-அடி. ஃபோர்டின் உயர்ரக பவர் ஸ்ட்ரோக் 500 குதிரைத்திறன், 1,200 பவுண்டு-அடி.

டீசலை விடுங்கள். சாதாரண எஃப்-150இல் வரும் 3.5 லிட்டர் பெட்ரோல் டர்போவே 500 பவுண்டு-அடி தருகிறது. அந்த 1989 கம்மின்ஸைவிட அதிகம். ஆனால் அந்த எஃப்-150இன் ஸ்பிரிங்குகளும் டயர்களும் யாருக்காக அமைக்கப்பட்டவை? வாரத்தில் ஐந்து நாள் தனியாக அலுவலகம் போய்வரும் ஒருவருக்காக. குலுங்கக் கூடாது, சத்தம் வரக் கூடாது, தோல் இருக்கை வேண்டும், கூரையில் கண்ணாடி வேண்டும். இன்ஜின் லாரியின் வேலையைச் செய்யத் தயார். சேஸிஸ் காரைப் போல ஓட வேண்டும் என்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாங்குபவர் மாட்டிக்கொள்கிறார்.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பயணிகள், சாமான்கள் எல்லாம் சேர்ந்து இவ்வளவு எடையைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். இதுதான் பேலோடு. ஒரே மாடல், ஒரே நிறம், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்குக்கூட இது வேறுபடும், ஏனென்றால் தொழிற்சாலையில் பொருத்திய ஒவ்வொரு வசதியின் எடையும் இதில் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். நாலு கதவு, நாலு சக்கர இழுவை, நல்ல வசதிகள் உள்ள, அரை டன் என்று அழைக்கப்படும் எஃப்-150 அளவு பிக்கப்பில் 1,550 பவுண்டு, அதாவது சுமார் 700 கிலோ, என்று போட்டிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

டிரெய்லரின் உச்ச எடை 7,600 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். இந்த எடை முழுவதும் டிரெய்லரின் சக்கரங்களில் இறங்காது. ஒரு பங்கு டிரக்கின் கொக்கிமேல் உட்காரும். அதை டங் வெயிட் என்பார்கள். சாதாரண டிரெய்லருக்கு அது 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். 13 சதவீதம் என்று எடுத்தால் 990 பவுண்டு ஆகிறது. கொக்கிக் கருவி 90. அப்பா, அம்மா, பதின்ம வயதுப் பிள்ளைகள் இருவர், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி, ஐந்து பேருக்கும் சேர்த்து 680. பின்தொட்டியில் ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, சைக்கிள்கள், விறகு என்று 200. கூட்டினால் 1,960. ஸ்டிக்கர் அனுமதிப்பது 1,550. நானூறு பவுண்டுக்குமேல் தாண்டிவிட்டோம். அதே சமயம் "11,000 இழுக்கும்" என்ற கணக்கில் இன்னும் 3,400 பவுண்டு மிச்சம் இருக்கிறது!

இந்த முரண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விஷயம் சுவாரசியமாக இருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த முறையில் சோதித்து, தனக்குப் பிடித்த எண்ணை அறிவித்துக்கொண்டிருந்தது. போட்டியாளர் நூறு பவுண்டு கூட்டினால் இவர் இருநூறு கூட்டுவார். வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇ 2008இல் ஜே2807 என்ற பொது அளவுகோலை வெளியிட்டது. டொயோட்டா மட்டும் 2011 மாடல் டண்ட்ராவுக்கு அதை ஏற்றது. அதனால் அந்த வண்டியின் அறிவிக்கப்பட்ட இழுவைத்திறன் பல நூறு பவுண்டு குறைந்தது. டெட்ராய்ட் நிறுவனங்கள் மூன்றும் (ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ராம்) தங்கள் அரை டன் வண்டிகளுக்கு அதை ஏற்க 2015 மாடல் வரை ஆயிற்று. முதலில் குறைப்பவன் கடையில் தோற்பான் என்ற பயம்தான் காரணம், வேறென்ன.

அந்தச் சோதனை லேசானதல்ல. அரிசோனாவில் டேவிஸ் அணையிலிருந்து யூனியன் கணவாய்க்கு ஏறும் 68ஆம் எண் மாநிலச் சாலை ஒன்று இருக்கிறது. சுமார் 18 கிலோமீட்டரில் 3,000 அடி ஏறுகிறது. வெயில் 38 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது, ஏசி முழு வேகத்தில் ஓட வேண்டும், வண்டி மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள பெரிய வண்டிகளுக்கு 35 மைல். இதோடு சமதளத்தில் நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தை 30 விநாடிக்குள் தொட வேண்டும். ரேடியேட்டரும் கியர் பெட்டியும் தாங்குமா என்பது இதில் உண்மையாகவே தெரிந்துவிடும்.

ஆனால் அதே விதி, வண்டிக்குள் இருப்பது ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டுமே என்று எடுத்துக்கொள்கிறது. தலைக்கு 150 பவுண்டு. பின்தொட்டி காலி. டங் வெயிட் 10 சதவீதம். இப்போது நம் 1,550 பவுண்டு வண்டியை இதில் போடுங்கள்: 11,000 பவுண்டு டிரெய்லருக்கு டங் வெயிட் 1,100, இருவருக்கு 300, கொக்கிக் கருவிக்கு ஒரு 70. மொத்தம் 1,470. அழகாக அடங்குகிறது! 68 கிலோ எடையுள்ள இருவர், வெறும் தொட்டியோடு, சரியாகப் பத்தே சதவீதம் கொக்கியில் இறங்கும் டிரெய்லரை இழுத்தால் விளம்பர எண் சரி. மூன்றாவது ஆள் ஏறியதும் எண் இறங்க ஆரம்பிக்கிறது. நம் குடும்பத்தின் 13 சதவீதக் கணக்கில், பாட்டியின் 130 பவுண்டுக்கு ஈடாக டிரெய்லரில் 1,000 பவுண்டு குறைக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் கொக்கியில் 130 குறைய டிரெய்லரில் அதைப் போல எட்டு மடங்கு குறைந்தாக வேண்டும்.

அதற்காகக் கொக்கி எடையைக் குறைத்து, சாமான்களை டிரெய்லரின் பின்பக்கம் ஏற்றலாமே என்று சிலருக்குத் தோன்றும். செய்யவே கூடாதது அது. டிரெய்லரின் எடை மையம் அதன் சக்கரங்களுக்கு முன்னால் இருந்தால் ஆட்டம் தானாக அடங்கும். பின்னால் போய்விட்டால், ஒரு பெரிய லாரி கடந்துபோகும் காற்று போதும், டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். வேகம் கூடக் கூட ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். கடைசியில் டிரெய்லர் டிரக்கையும் சேர்த்துத் திருப்பிப் போட்டுவிடும். அப்படி ஆடத் தொடங்கினால் டிரக்கின் பிரேக்கை மிதிப்பதுதான் நம் முதல் உந்துதல். அது நிலைமையை மோசமாக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் நெம்புகோலை மெதுவாக அழுத்த வேண்டும். அந்த நெம்புகோல் எங்கே இருக்கிறது என்பதை முதல் பயணத்துக்கு முன்பே கை அறிந்திருக்க வேண்டும்.

கொக்கியில் இறங்கும் எடை இன்னொரு வேலையும் செய்கிறது. கிணற்றில் ஏற்றம் இறைத்த துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். டிரக்கின் பின் அச்சுதான் நடுக்கால். ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் முன் சக்கரங்கள். பின்னால் ஆயிரம் பவுண்டு அழுத்தினால் முன்பக்கம் எழும்பும். வண்டியைத் திருப்புவதும், பெருமளவு நிறுத்துவதும் முன் சக்கரங்கள்தான். அவை சாலையில் பிடிப்பை இழந்தால் ஸ்டியரிங் காற்றில் சுற்றுவது போல லேசாகிவிடும். இதைச் சரிசெய்யத்தான் எடையைப் பகிரும் ஹிட்ச் என்ற கருவி. இரண்டு கனமான ஸ்பிரிங் கம்பிகள் கொக்கியை மேல்நோக்கி வளைத்து, கொஞ்சம் எடையை முன் சக்கரங்களுக்கும் கொஞ்சத்தை டிரெய்லரின் அச்சுக்கும் தள்ளும். பல அரை டன் வண்டிகளில் கொக்கி மாட்டும் இடத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தால், இந்தக் கருவி இல்லாமல் 5,000 பவுண்டுதான் இழுக்கலாம் என்று போட்டிருக்கும். விளம்பரத்தில் 13,000, வெறும் பந்துக்கொக்கியில் 5,000.

பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்று காற்றுப்பை வாங்கிப் பொருத்துபவர்கள் நிறைய. பார்க்க வண்டி நேராக நிற்கும். பேலோடு ஒரு பவுண்டுகூட ஏறாது. அச்சு, டயர், பிரேக் எதுவும் மாறவில்லையே. தாழ்ந்து நின்ற வண்டி நமக்கு ஓர் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது. அதை மறைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

அப்படியானால் பெரிய வண்டி. அமெரிக்காவில் பிக்கப்களை அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று வகை பிரிப்பார்கள். எஃப்-150, ராம் 1500, சில்வராடோ 1500 எல்லாம் அரை டன். 250, 2500 முக்கால் டன். 350, 3500 ஒரு டன். பழைய காலத்தில் சுமந்த எடையின் மிச்சம் இந்தப் பெயர்கள், இன்றைய எடையோடு தொடர்பில்லை. முக்கால் டன் என்றதும் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது என்று நினைத்து, அதிலும் டீசலை, அதிலும் உச்ச வசதிகள் உள்ளதை வாங்குவார்கள். இங்கேதான் அடுத்த பள்ளம். டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைவிடப் பல நூறு பவுண்டு கூடுதல். முக்கால் டன் வண்டிகள் பலவற்றின் மொத்த எடை வரம்பை (வண்டியும் சுமையும் சேர்த்து) நிறுவனங்கள் 10,000 பவுண்டில் நிறுத்திவைக்கின்றன, ஏனென்றால் 10,001 ஆனால் மாநிலங்களுக்கு இடையே தொழில் செய்வோருக்கு மத்திய அரசின் லாரி விதிகள் வந்துவிடும். சில மாநிலங்களில் பதிவுக் கட்டணமும் மாறும். வரம்பு 10,000, வண்டியின் சொந்த எடையோ 8,000ஐ நெருங்குகிறது. மிச்சம் 2,000 பவுண்டுச் சொச்சம்தான். சில எஃப்-150களின் பேலோடு இதைவிட அதிகம். 1,000 பவுண்டு-அடி டார்க்கும் பெரிய கிரில்லும் வாங்கியவர் கதவுச் ஸ்டிக்கரைப் படித்துவிட்டுத் திகைப்பது இதனால்தான்.

அதனால் எடை சுமக்கத்தான் வாங்குகிறோம் என்றால், ஒற்றைப் பின்சக்கர ஒரு டன் வண்டியை முக்கால் டன்னுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம் என்பேன். இரண்டும் பெரும்பாலும் ஒரே வண்டி. பின் ஸ்பிரிங்கும் காகிதத்தில் உள்ள வரம்பும்தான் மாறுகின்றன. நீளம், அகலம், பார்க்கிங் தொல்லை எல்லாம் ஒன்றுதான். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இரட்டைப் பின்சக்கர வண்டி, டூவலி என்பது, வேறு கதை. அது தேவைப்படுவது பெரிய ஐந்தாம் சக்கர டிரெய்லர்களுக்கு. ஐந்தாம் சக்கரம் என்றால் டிரெய்லரின் கழுத்து டிரக்கின் பின்தொட்டிக்குள் வந்து, பின் அச்சுக்கு மேலேயே உட்காரும் அமைப்பு. பண்ணைகளில் பயன்படும் கூஸ்நெக்கும் இதே தத்துவம்தான். எடை அச்சின்மேல் நேராக இறங்குவதால் முன்பக்கம் எழும்பாது. வாலாட்டமும் ஏறக்குறைய இல்லை. அதற்கு விலை உண்டு: டிரெய்லர் எடையில் 20 முதல் 25 சதவீதம் வரை டிரக்கின்மேல் இறங்கும். 14,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 2,800 முதல் 3,500 வரை. இதோடு குடும்பம், தொட்டிக்குள் பொருத்திய ஹிட்ச். எந்த அரை டன் வண்டியும் இதன் பக்கத்தில்கூடப் போக முடியாது. டூவலிக்கு 14,000 பவுண்டு வரை மொத்த எடை வரம்பு இருப்பதால் பேலோடு 5,000ஐத் தாண்டும். ஆனால் அகலம் எட்டடி. காஸ்ட்கோ பார்க்கிங்கில் ஓர் இடத்தில் அடக்குவதே ஒரு வேலை, தானியங்கிக் கார் கழுவும் கடைகள் பெரும்பாலும் கையை விரித்துவிடும். தினமும் அதில்தான் வேலைக்குப் போக வேண்டும் என்றால் நன்றாக யோசிக்க வேண்டிய விஷயம். தொட்டி நீளத்தையும் பார்க்க வேண்டும்; குட்டைத் தொட்டியில் ஐந்தாம் சக்கரம் மாட்டினால், கூர்மையான திருப்பத்தில் டிரெய்லரின் மூக்கு ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடியைத் தேடி வரும். நகரும் ஹிட்ச் வாங்கித்தான் சமாளிக்க வேண்டும்.

இனி நிறுத்துவது. டிரக்கின் பிரேக் எந்த எடைக்குக் கணக்கிடப்பட்டது தெரியுமா? டிரக்கின் சொந்த மொத்த எடை வரம்புக்குத்தான். டிரெய்லரையும் சேர்த்த எடைக்கு அல்ல. ஃபோர்டின் இழுவைக் கையேட்டிலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது. டிரெய்லர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அடிப்படை ஏற்பாடு. பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் சட்டப்படி கட்டாயம். அந்த மின்சார பிரேக்கை டிரக்கிலிருந்து இயக்கும் கண்ட்ரோலர் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருவதை வாங்குவது நல்லது. இழுவைத் தொகுப்பு என்று விற்கப்படுவதில் இது இருக்கிறதா, கூடுதல் குளிரூட்டி இருக்கிறதா, பக்கவாட்டில் நீளும் கண்ணாடிகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். வெறும் கொக்கியும் பிளக்கும் மட்டும் உள்ள வண்டியையும் டீலர் "டோயிங் பேக்கேஜ் இருக்கு" என்றுதான் சொல்வார்.

மலையிலிருந்து இறங்கும்போதுதான் எல்லாம் வெளியே வரும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி மேற்கே சில்வர்தார்னுக்கு இறங்கும் சாலை எட்டு மைலுக்கு, சில இடங்களில் 7 சதவீதச் சரிவில் போகிறது. பிரேக் போன லாரிகள் ஓடி ஏறி நிற்க வழியோரம் மணல்மேட்டுத் தடங்கள் உண்டு. 15,000 பவுண்டு மொத்த எடையை இந்தச் சரிவில் பிரேக்கை மட்டும் நம்பிப் பிடித்துக்கொண்டே வந்தால், பாதி வழியில் பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். இன்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்த வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் காற்று வரும் வழி மூடிக்கொள்வதால் கியரைக் குறைத்தால் அது இயல்பாகவே இழுத்துப் பிடிக்கும். டீசலில் அந்த மூடி வேலை செய்யாது, எனவே சும்மா விட்டால் பிடிப்பு குறைவு. அதனால் நவீன டீசல் பிக்கப்களில் எக்ஸாஸ்ட் பிரேக் வருகிறது. டர்போவின் இதழ்களை மூடி, புகை வெளியேறும் வழியை நெருக்கி, பின்னழுத்தம் உண்டாக்குகிறது. ஒரு பொத்தானை அழுத்திவிட்டால், காலால் பிரேக்கைத் தொடாமலேயே நீண்ட சரிவில் வண்டி வேகத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கும். என்னைக் கேட்டால், டீசலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் மலை ஏற்றத்துக்காக அல்ல, இந்த இறக்கத்துக்காகத்தான் தகும்.

உயரத்தைச் சொன்னதும் இன்னொன்று. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீத சக்தியை இழக்கும். அந்தச் சுரங்க வாயிலில் 400 குதிரைத்திறன் இன்ஜினிடம் முந்நூறுகூட இருக்காது. டர்போ உள்ளவை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். டேவிஸ் அணைச் சோதனை வெயிலைப் பார்க்கிறதே தவிர, அது முடியும் இடமே 4,000 அடிக்குக் கீழேதான். ஃபோர்டின் கையேடு ஆயிரம் அடிக்கு 2 சதவீதம் வீதம் டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடையைக் குறைக்கச் சொல்கிறது. உயரத்தில் வாழும் டென்வர்வாசிகள் இதைப் படித்தாக வேண்டும், சமவெளியில் உள்ள ஹூஸ்டன்காரர்கள் தாண்டிப் போகலாம்.

ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் வி8, 430 குதிரைத்திறன் கொண்டது, டீசலுக்கு மாற்றாக நிறையப் பேர் பார்க்கும் இன்ஜின். வருடத்தில் ஆறேழு முறை மட்டும், பெரும்பாலும் சமவெளியில் இழுப்பவர்களுக்கு இது போதும். டீசல் வண்டியில் புகை வடிகட்டி, யூரியாத் திரவம் என்று பராமரிப்பு கூடுதல். கடைக்கும் பள்ளிக்கும் என்று குட்டிக் குட்டிப் பயணமாக ஓட்டினால் அந்த வடிகட்டி சூடாகிச் சுத்தமாக நேரமே கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் இன்ஜின் எடை குறைவு என்பதால் அதே வண்டியில் பேலோடும் ஏறும்.

ஆக்சில் ரேஷியோவை, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் பக்கத்திலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்ற விகிதத்தை, விற்பனைக் கூடத்தில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. ராம் 1500இல் ஒரே 5.7 லிட்டர் இன்ஜின், ஒரே கேபின், 3.21 ரேஷியோ என்றால் சுமார் 8,000 பவுண்டு, 3.92 என்றால் 11,000 பவுண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வண்டிகளுக்கும் எந்த வேறுபாடும் தெரியாது. பழைய வண்டி வாங்குவோர் ஏமாறும் இடம் இது. வண்டியின் தயாரிப்பு அடையாள எண்ணைக் (விஐஎன்) கொடுத்துத் தொழிற்சாலைச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.

எடையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஆனால் 65 மைல் வேகத்தில் சமதளத்தில் வண்டியை இழுத்துப் பிடிப்பது எடையைவிடக் காற்றுதான். எட்டடி அகலம், பதினோரடி உயரமுள்ள கேம்பிங் டிரெய்லர் ஒரு சுவர். அதே எடையுள்ள சிறு எக்ஸ்கவேட்டரைத் தட்டை டிரெய்லரில் ஏற்றினால் அது தாழ்வாக, டிரக்கின் நிழலிலேயே வந்துவிடும். எலெக்ட்ரிக் பிக்கப்களின் கதை இங்கேதான் சிக்குகிறது. டார்க்குக்குப் பஞ்சமில்லை, மலையிறக்கத்தில் மோட்டாரே பிரேக்காகி மின்சாரத்தைத் திரும்பச் சேமிக்கும். ஆனால் இந்தச் சுவரை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போனால் ஓடும் தூரம் ஏறக்குறைய பாதியாகிறது. சார்ஜ் நிலையங்கள் பலவற்றில் டிரெய்லரோடு நுழைய இடமிருக்காது. கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு சார்ஜ் போட்டு, மறுபடி மாட்ட வேண்டும். ஐம்பது மைலில் உள்ள ஏரிக்குப் படகு இழுத்துப் போக அருமையான வண்டி. டெக்சாஸிலிருந்து யெல்லோஸ்டோன் போக இப்போதைக்கு வேண்டாம்.

உரிமத்தையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. டெக்சாஸில் டிரக்கும் கனமான டிரெய்லரும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டினால், சொந்தப் பயன்பாட்டுக்குக்கூட வகுப்பு ஏ உரிமம் தேவை. கலிஃபோர்னியாவில் 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட கேம்பிங் டிரெய்லருக்கே தனி உரிமம். அங்கே டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் வேக வரம்பு 55 மைல். டொராண்டோ பக்கம் உள்ளவர்களுக்கு: ஒன்டாரியோவின் சாதாரண ஜி உரிமத்தில் 4,600 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரை இழுக்க முடியாது. ஐந்தாம் சக்கரக் கனவுகள் பல இந்த எண்ணில் முட்டி நிற்கின்றன.

ஆகவே வரிசையை மாற்றுவதுதான் வழி. முதலில் டிரெய்லரை முடிவு செய்யுங்கள். அதன் காலி எடையை அல்ல, உச்ச எடையை எடுங்கள், ஏனென்றால் சட்டி பானை, படுக்கை, உணவு எல்லாம் ஏறியதும் அது அங்கே போய்த்தான் நிற்கும். தண்ணீர்த் தொட்டி 50 கேலன் நிறைந்தாலே 417 பவுண்டு. தொட்டி டிரெய்லரின் முன்பக்கம் இருக்கிறதா பின்பக்கம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து டங் வெயிட்டே மாறிவிடும். உச்ச எடையில் 13 முதல் 15 சதவீதம், அதோடு வீட்டில் எல்லோருடைய எடை, நாய், சாமான், ஹிட்ச். இந்தக் கூட்டுத்தொகையைக் கைபேசியில் எழுதிக்கொண்டு விற்பனைக் கூடத்துக்குப் போய், இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதற்கு முன் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள். அரை டன் வண்டியை வைத்துக்கொண்டு 7,000 பவுண்டுக்கு மேற்பட்ட உச்ச எடையுள்ள கேம்பிங் டிரெய்லரை நாலைந்து பேர் குடும்பம் நிம்மதியாக இழுக்கும் என்று நான் நம்பவில்லை. கூடுதல் எடை சுமக்க உதவும் பேலோடு தொகுப்போடு தேடிப் பிடித்த வண்டியாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

வாங்கிய பிறகு கணக்கைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றும் தனித்தனிப் பலகைகளில் நிற்கும்படி ஏற்றினால், மூன்று எடையும் ஒரே சீட்டில் வரும். குடும்பம், சாமான், பெட்ரோல், தண்ணீர் எல்லாவற்றோடும் ஒருமுறை. ஸ்பிரிங் கம்பிகளைத் தளர்த்தி ஒருமுறை. டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஒருமுறை. கடைசி இரண்டு சீட்டுகளிலும் டிரக்கின் இரு அச்சுகளையும் கூட்டிக் கழித்தால் கிடைப்பது உண்மையான டங் வெயிட். முதல் சீட்டையும் கடைசிச் சீட்டையும் ஒப்பிட்டால் முன் சக்கரங்கள் எவ்வளவு எடையை இழந்திருக்கின்றன, கம்பிகளை இன்னும் இறுக்க வேண்டுமா என்பது தெரியும். பின் அச்சின் எண்ணைக் கதவுச் சட்டத்தில் உள்ள பின் அச்சு வரம்போடு ஒத்துப் பாருங்கள். செலவு சில டாலர்கள்தான். அதே இடத்தில் 24 மணி நேரத்துக்குள் மறுபடி நிறுத்தால் இன்னும் குறைவு.